சொட்டும் எண்ணெயின் ஊற்று எங்கே?

பழைய டீசல் பிக்-அப் வாகனத்தின் கசிவுக்குப் பின்னால் இருக்கும் அறிவியல்

குனோங் லேடாங் மலையடிவாரத்தில் இருக்கும் தங்காக் நகரை நம்மில் பலருக்குத் துணிக்கடைகளால்தான் தெரியும். நகரை விட்டுச் சற்று விலகி, செம்பனைத் தோட்டங்களுக்கும் பால்மரத் தோட்டங்களுக்கும் இடையே ஓடும் செம்மண் சாலைகளுக்குச் சென்றால் வேறொரு காட்சியைக் காணலாம். உர மூட்டைகளையும் செம்பனைக் குலைகளையும் சுமந்துகொண்டு பழைய டீசல் பிக்-அப் வாகனங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1980களிலும் 1990களிலும் வந்த டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி, இசுசு வாகனங்கள் அவை. சிக்கலான மின்னணுக் கருவிகள் அவற்றில் அதிகம் இல்லை. சாதாரணப் பட்டறையிலேயே பழுது பார்த்துவிடலாம். அதனால்தான் முப்பது ஆண்டுகள் கடந்தும் உழைக்கின்றன.

ஆனால், இந்த வயதான வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுவான குறை உண்டு. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால், சிமெண்டுத் தரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். அது எஞ்சின் எண்ணெய்க் கசிவு. "பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் கண்ணில் பட்ட ஆயில் சீலையெல்லாம் மாற்றிப் பணத்தைச் செலவழிக்கிறார்கள். கசிவு மட்டும் நிற்பதில்லை. இரண்டுமே சரியான வழி அல்ல. எண்ணெய் ஏன் வெளியே வருகிறது, எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டபிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒரு சொட்டின் கணக்கு

கசிவு சிறியதுதானே என்று நினைக்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சொட்டு எண்ணெய் ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடும்போது 10 விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது. வாகனம் நாளுக்கு 4 மணி நேரம் ஓடுகிறது. அப்படியானால் நாளுக்கு 1,440 சொட்டுகள், அதாவது சுமார் 43 மில்லிலிட்டர். மாதத்தில் 26 நாள் வேலை செய்தால் 1.1 லிட்டருக்கு மேல் போய்விடும். எண்ணெய் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் குச்சியில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பல எஞ்சின்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். மாதம் ஒருமுறைகூட குச்சியை இழுத்துப் பார்க்காத ஓட்டுநரின் எஞ்சின், எண்ணெய் இல்லாமல் உராய்ந்து இறுகிப் போகலாம்.

ஆபத்து அத்துடன் முடிவதில்லை. எஞ்சின் எண்ணெயின் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை 200 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே இருக்கிறது. சுமையேற்றி மேட்டில் ஏறும் டீசல் எஞ்சினின் புகைபோக்கிக் குழாய்த் தொகுதி அதைவிட மிக அதிகமாகச் சூடாகும். அதன் மேல் எண்ணெய் வழிந்தால் புகை வரும். சில நேரம் தீயும் பிடிக்கும். கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டால் மேட்டில் வண்டி இழுக்காது. சாலையில் சிந்திய எண்ணெய், மழை பெய்யும்போது பின்னால் வரும் மோட்டார் சைக்கிளைச் சறுக்கிவிடும். நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எண்ணெய் வெளியேற மூன்று காரணங்கள்

எஞ்சினுக்குள் எண்ணெய் ஓரிடத்தில் தேங்கி நிற்பதில்லை. அடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டியிலிருந்து பம்ப் அதை உறிஞ்சி, வடிகட்டி வழியாகக் கிராங்க் தண்டுக்கும் கேம் தண்டுக்கும் அனுப்புகிறது. வேலை முடிந்த எண்ணெய் மீண்டும் சம்ப்புக்கே வழிந்து வருகிறது. இந்தச் சுற்றுப் பயணத்தில் இரண்டு உலோகப் பாகங்கள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு காப்பு வேண்டும். அசையாத பாகங்களுக்கு இடையே இருப்பது கேஸ்கெட். சுழலும் தண்டைச் சுற்றி இருப்பது ஆயில் சீல்.

இந்தக் காப்பு தோற்றுப்போக மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, ரப்பர் முதுமையடைதல். இரண்டாவது, எஞ்சினுக்குள் தேவையற்ற அழுத்தம் கூடுதல். மூன்றாவது, உலோகப் பரப்பு தேய்தல் அல்லது வளைதல். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பால்மரத்து ரப்பர் ஏன் உதவாது?

தங்காக் வட்டாரத்தில் பால்மரம் தெரியாத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். பிரேசிலிலிருந்து எடுக்கப்பட்ட விதைகள் 1876இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்தன. அங்கே முளைத்த நாற்றுகளில் 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாவின் ரப்பர் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் முன்னோர் பலர் இந்த மரத்தைச் சீவித்தான் குடும்பத்தை நடத்தினார்கள்.

ஆனால் அந்த மரத்துப் பாலில் செய்த இயற்கை ரப்பரை எஞ்சின் ஆயில் சீலாகப் பயன்படுத்த முடியாது. காரணம் எளிது. இயற்கை ரப்பர் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நீண்ட சங்கிலி. எஞ்சின் எண்ணெயும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்ததுதான். வேதியியலில் ஒத்த தன்மை உள்ளவை ஒன்றுக்குள் ஒன்று எளிதாகக் கலக்கும். எண்ணெய் மூலக்கூறுகள் ரப்பர் சங்கிலிகளுக்கு இடையே புகுந்துவிடும். ரப்பர் ஊறி, உப்பி, வலுவிழந்து கிழிந்துபோகும்.

இதற்கு விடையாக 1930களில் ஜெர்மனியில் நைட்ரைல் ரப்பர் உருவாக்கப்பட்டது. பியூட்டாடையீன், அக்ரிலோநைட்ரைல் என்ற இரண்டு பொருள்களை இணைத்துச் செய்யும் செயற்கை ரப்பர் இது. இதன் சங்கிலியில் உள்ள கார்பன்-நைட்ரஜன் தொகுதிகள் மின்முனைவு கொண்டவை. அதனால் முனைவற்ற எண்ணெய்க்கு உள்ளே நுழைய எளிதில் இடம் கிடைப்பதில்லை. பழைய பிக்-அப் வாகனங்களின் பல சீல்களும் கேஸ்கெட்டுகளும் இந்த வகை ரப்பரில் ஆனவை. மருத்துவமனையில் தாதியர் அணியும் நீலநிறக் கையுறைகளும் பெரும்பாலும் இதே நைட்ரைல்தான்.

நைட்ரைலும் என்றென்றும் இளமையாக இருப்பதில்லை. ரப்பர் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்குப் பிணைப்புகளே அதற்கு மீள்தன்மையைத் தருகின்றன. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தப் பிணைப்பு உருவாகும் என்பதை அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். ஆனால் எஞ்சின் வெப்பத்தில் பல ஆண்டுகள் கிடக்கும்போது, காற்றிலுள்ள ஆக்சிஜன் வினைபுரிந்து மேலும் மேலும் குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்துகிறது. அளவுக்கு மீறிப் பிணைந்த ரப்பர் இறுகிப் பிளாஸ்டிக் போலாகிவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். புதிய கேஸ்கெட் அமுங்கி மீளும். பழையது அமுங்காது, வளைத்தால் வெடிக்கும்.

சூடும் இதில் பங்கு வகிக்கிறது. டீசல் எஞ்சின்களில் பரவலாகப் பயன்படும் 15டபிள்யூ-40 வகை எண்ணெய், 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறத்தாழ ஏழெட்டு மடங்கு எளிதாகப் பாயும். ஆகவே, குளிர்ந்த எஞ்சினில் வராத கசிவு, ஒரு மணி நேரம் ஓட்டியபிறகு வரலாம். மாறாக, இறுகிய சீல் ஒன்று குளிரில் கசிந்து, சூடேறி விரிந்ததும் தற்காலிகமாக அடைபடவும் கூடும். கசிவைச் சோதிப்பவர் இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும்.

பழி சீலின் மேல், குற்றம் அழுத்தத்தில்

பலர் கவனிக்கத் தவறும் காரணம் இதுதான். டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை மிகக் குறுகிய இடத்தில் அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் முறையை ருடோல்ஃப் டீசல் உருவாக்கினார். அவருடைய எஞ்சின் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. பழைய பிக்-அப் டீசல்களில் காற்று தன் கொள்ளளவில் சுமார் இருபதில் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது.

இவ்வளவு அழுத்தத்தையும் பிஸ்டனைச் சுற்றியுள்ள மெல்லிய வளையங்கள்தான் தடுத்து நிறுத்துகின்றன. அவை தேயத் தேய, ஒரு பகுதி வாயு பக்கவாட்டில் நழுவிக் கீழே கிராங்க் அறைக்குள் புகுந்துவிடும். நல்ல எஞ்சினிலும் கொஞ்சம் நழுவும். அதை வெளியேற்ற ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். இந்தக் குழாய் பல ஆண்டுக் கசடால் அடைபட்டால் என்ன ஆகும்? வாயு வெளியேற வழி இல்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும்.

ஓர் எளிய கணக்கு. ஒளி ஊடுருவும் குழாயை வளைத்து நீர் ஊற்றிச் செய்யும் மானோமீட்டரை நீங்கள் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். அதில் 10 சென்டிமீட்டர் நீர்மட்ட வேறுபாடு என்பது சுமார் 1,000 பாஸ்கல். மிகச் சிறிய அழுத்தம்தான். ஆனால் சம்ப் தொட்டியின் பரப்பு 0.1 சதுர மீட்டர் என்று கொண்டால், விசை = அழுத்தம் × பரப்பு, அதாவது 100 நியூட்டன். பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தொட்டியில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். சுழலும் தண்டின் சாதாரண சீல்கள் உள்ளழுத்தம் ஏறக்குறைய இல்லாத நிலைக்காகவே அமைக்கப்பட்டவை. அழுத்தம் கூடினால், நேற்றுப் போட்ட புதிய சீலும் இன்று கசியும்.

இதைக் கண்டறிய அனுபவமுள்ள மெக்கானிக்குகள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி, அப்படியே வாயின் மேல் வைப்பார்கள். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளிக் குதித்தாலோ, இரயில் எஞ்சின் போலப் புகை விட்டு விட்டு வந்தாலோ, அழுத்தம் மிகுதி. முதலில் மூச்சுக்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அதன்பிறகும் குறையவில்லை என்றால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக் கூடும். அந்த நிலையில் சீலை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

துப்பறியும் வேலை

எண்ணெய் விழும் இடம் வேறு. புறப்படும் இடம் வேறு. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது. ஆகவே, ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக உயரமானதோ, எது மிக முன்னால் இருக்கிறதோ, அங்கேதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

முதல் வேலை, கசிவது என்ன என்று உறுதி செய்வது. வண்டிக்கு அடியில் இரவில் ஒரு வெள்ளை அட்டையை விரியுங்கள். கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய். சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டீயரிங் எண்ணெயாக இருக்கலாம். கந்தக நெடி வீசினால் கியர் எண்ணெய். மெல்லியதாக, எரிபொருள் வாசத்தோடு இருந்தால் டீசல். டீசல் எஞ்சின் எண்ணெய் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். எண்ணெயில் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள்கள் கரித்துகளை அடியில் படியவிடாமல் தாங்கி நிற்பதே அதற்குக் காரணம். கறுப்பு நிறம் எண்ணெய் கெட்டதற்கு அடையாளமல்ல.

இரண்டாவது வேலை, எஞ்சினைக் கழுவித் துடைப்பது. பல ஆண்டு அழுக்குக்குள் புதிய கசிவைக் கண்டுபிடிக்கவே முடியாது. சுத்தம் செய்து, உலர்த்தி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் தெரியவில்லை என்றால், சந்தேகமான இடத்தில் முகப்பவுடர் தூவலாம். எண்ணெய் வரும் வழி பவுடரில் கோடாகத் தெரியும். பெரிய பட்டறைகளில் எண்ணெயோடு ஒளிரும் சாயம் கலந்து, புறஊதா விளக்கின் ஒளியில் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை அந்தச் சாயம் உள்வாங்கி, பச்சை கலந்த மஞ்சள் ஒளியாக வெளிவிடும். ரிங்கிட் நோட்டைச் சோதிக்கும் விளக்கிலும் இதே ஒளிர்தல்தான் வேலை செய்கிறது.

வழக்கமாகச் சிக்கும் இடங்கள்

மேலிருந்து கீழே வருவோம்.

வால்வு மூடி: எஞ்சினின் உச்சியில் இருக்கும் மூடியின் கேஸ்கெட்தான் பெரும்பாலும் முதலில் இறுகுவது. இங்கே வழியும் எண்ணெய் எஞ்சினின் பின்புறமாக இறங்கி, கியர் பெட்டிக்கு அருகே சொட்டும். அதைக் கண்டு பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டி, கியர் பெட்டியையே இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சீலின் விலை குறைவு. அதை எட்டுவதற்கான கூலிதான் பெரிது. ஆகவே உச்சியை முதலில் பாருங்கள்.

வெற்றிட பம்ப்: இது டீசலுக்கே உரிய இடம். பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே வரும் வழியைத் த்ரோட்டில் தகடு மறிப்பதால் அங்கே வெற்றிடம் உண்டாகும். பிரேக் மிதியை எளிதாக்கும் பூஸ்டர் அந்த வெற்றிடத்தில்தான் இயங்குகிறது. பழைய டீசலில் காற்று தடையின்றி உள்ளே போவதால் போதிய வெற்றிடம் கிடைக்காது. எனவே தனியாக ஒரு பம்ப் வைத்தார்கள். பல ஜப்பானிய டீசல்களில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மசகாக எஞ்சின் எண்ணெயே சிறு குழாய்கள் வழியே போய் வருகிறது. இந்தக் குழாய்கள் வெடித்தாலோ உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தாலோ எண்ணெய் ஆல்டர்னேட்டருக்குள் புகுந்து அதையும் கெடுத்துவிடும். பேட்டரி சரியாகச் சார்ஜ் ஏறவில்லை, எண்ணெயும் குறைகிறது என்றால் இங்கே பாருங்கள். இது பிரேக்கோடு சம்பந்தப்பட்டது, தள்ளிப்போடக் கூடாது.

முன்பக்கச் சீல்கள்: கிராங்க் தண்டும் கேம் தண்டும் முன்னால் வெளியே வரும் இடங்களில் இருப்பவை. இவை கசிந்தால் அருகிலுள்ள டைமிங் பெல்ட் எண்ணெயில் நனையும். எண்ணெயில் ஊறிய பெல்ட் பல் உதிர்ந்து அறுந்தால், பிஸ்டன் வால்வுகளை மோதி எஞ்சினையே நாசமாக்கிவிடும். அதனால் டைமிங் பெல்ட் மாற்றும்போதே இந்தச் சீல்களையும் மாற்றுவது அறிவான செலவு. புதிய சீலைப் போடுமுன் அதன் உதட்டில் எண்ணெய் தடவ வேண்டும். உலர்ந்த உதடு முதல் சில விநாடிகளிலேயே உராய்ந்து கருகும். பழைய சீல் பல ஆண்டுகள் உரசிய இடத்தில் தண்டில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் விழுந்திருந்தால், புதிய சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்துவார்கள். அல்லது தண்டின் மேல் மெல்லிய உலோக உறை போடுவார்கள்.

சம்ப்பும் வடிகால் போல்ட்டும்: அடியிலுள்ள வடிகால் போல்ட்டுக்குப் பல எஞ்சின்களில் செம்பு வாஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கிய செம்பு கடினமாகிவிடும். மறுமுறை சரியாகப் படியாது. ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் புதிய வாஷர் போடுவது நல்லது.

இறுக்கினால் நிற்குமா?

கசிவைக் கண்டதும் பலர் செய்வது போல்ட்டை இன்னும் இறுக்குவது. சம்ப், மெல்லிய தகட்டில் அழுத்திச் செய்தது. 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவுத் திருகுவிசையே போதும். 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 50 நியூட்டன் கொடுத்தாலே அந்த அளவு வந்துவிடும். ஐந்து கிலோ எடையைத் தூக்கும் விசைதான் அது. முழுக் கைபலத்தையும் காட்டினால், போல்ட்டைச் சுற்றித் தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும். கசிவு கூடும். வளைந்த விளிம்பைத் தட்டிச் சமன் செய்து, பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்குக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்குவதே முறை.

சிலிகான் பசையையும் தாராளமாகப் பூசக் கூடாது. வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது தெரியாது. அது உதிர்ந்து எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்தால், கசிவை நிறுத்தப் போய் எஞ்சினை நிறுத்தியதாகிவிடும். கடைகளில் கிடைக்கும் "கசிவு நிறுத்தி" திரவங்கள் இறுகிய ரப்பரைச் சிறிது உப்பச் செய்கின்றன. சில காலம் பலன் தரலாம். கிழிந்த சீலையோ அடைபட்ட மூச்சுக்குழாயையோ அவற்றால் சரிசெய்ய முடியாது.

வழித்தெடுத்த எண்ணெய் எங்கே போகும்?

குனோங் லேடாங் சரிவுகளில் இறங்கும் ஓடைகளில் நாம் குளிக்கிறோம், மீன் பிடிக்கிறோம். பட்டறைக் கால்வாயில் ஊற்றிய எண்ணெய் நீர்ப்பரப்பில் மெல்லிய படலமாக விரிந்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைவதைத் தடுக்கிறது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் திட்டமிடப்பட்ட கழிவுகள் விதிமுறைகளின்படி, பயன்படுத்திய மசகு எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. அதை மூடிய கலனில் சேர்த்து, உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். எண்ணெய் துடைத்த துணிகளையும் கண்ட இடத்தில் வீசக் கூடாது.

மாணவர்களே, பெரியவர் துணையின்றி வாகனத்தின் அடியில் நுழையாதீர்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வாகனத்தின் கீழ் யாருமே போகக் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெல்ட், விசிறி அருகே கை கொண்டு செல்லாதீர்கள். பயன்படுத்திய எண்ணெய் தோலில் நீண்ட நேரம் படுவது தீங்கு, கையுறை அணியுங்கள்.

செய்து பாருங்கள்

ஓர் இயற்கை ரப்பர் கையுறையிலிருந்தும் ஒரு நைட்ரைல் கையுறையிலிருந்தும் சரியாக 5 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டைகளை வெட்டுங்கள். இரண்டையும் தனித்தனிக் கிண்ணங்களில் சமையல் எண்ணெயில் ஊறவிடுங்கள். 24 மணி நேரம், 48 மணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்து நீளத்தை அளந்து அட்டவணையாக எழுதுங்கள். எது அதிகம் நீண்டது? மெல்ல இழுத்தால் எது எளிதில் கிழிகிறது? கிடைக்கும் விடையை மேலே சொன்ன மூலக்கூறு விளக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பழைய டீசல் வாகனம் இருந்தால், இன்னொரு வேலையும் செய்யலாம். உரிமையாளரின் அனுமதியோடு வாரம் ஒருமுறை, சமதரையில், எஞ்சின் குளிர்ந்தபிறகு டிப்ஸ்டிக் அளவைக் குறித்து வாருங்கள். ஓடிய கிலோமீட்டரையும் பக்கத்தில் எழுதுங்கள். நான்கு வாரத்தில் ஒரு வரைபடம் கிடைக்கும். கோட்டின் சரிவு திடீரென்று கூடினால், கசிவு பெரிதாகிறது என்று பொருள். அந்தத் தாளை மெக்கானிக்கிடம் காட்டினால், எங்கிருந்து தேடுவது என்ற பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.